நீலம் எந்தத் துளையில்

ஞாயிற்றுக்கிழமை பீல் நகரத்தில்
கண்ணாடி போடக் கூடாது.
தொட்டியின் நெற்றியில் இரண்டு மொழியில்
எழுதி ஒட்டியிருக்கிறார்கள்:
திங்கள் முதல் சனி, காலை எட்டு முதல் மாலை ஏழு.
ஓய்வு நாளில் எதுவும் உடைகிற சத்தம்
யார் காதிலும் விழக் கூடாது.

திங்கள் பத்து மணிக்குச் சாவியைக் கொடுக்க வேண்டும் நான்.
என் தம்பி ஊர்பானின் வீடு
அதற்குள் காலியாக இருக்க வேண்டும்,
சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளையும் அடைத்து.

வெள்ளிக்கிழமையே தொடங்கிவிட்டேன்.
மருந்துகள் மருந்துக்கடைக்கு.
காதுக் கருவியின் பொட்டளவு பேட்டரிகள்
விற்ற கடைக்கே.
செய்தித்தாளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டுக் கட்டினேன்.
அட்டையை அதோடு சேர்க்காதே என்கிறது கையேடு.
பீட்சா பெட்டி, எண்ணெய் பட்டிருந்தால்,
அட்டையும் அல்ல.
அப்படியானால் அது என்ன?
காசு கட்டி வாங்கிய பைக்குள் போகிற ஏதோ ஒன்று.

காப்பிக்கு ஊற்றும் பாலேட்டுக் கிண்ணத்தின் மூடிகளை
நான்கு ஆல்பம் நிறைய ஒட்டி வைத்திருந்தான்.
கட்டைவிரல் அகல அலுமினியம்,
ஒவ்வொன்றிலும் ஒரு படம்:
ரயில் எஞ்சின், மலைப்பூ, கழுகு.
அலுமினியம் தனி, காகிதம் தனி.
ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து உரித்தேன்.
கழுகுகளை மட்டும் என்னவோ உரிக்கவில்லை.

சனி இரவு, ஏழு தாண்டிய பிறகு,
குளியல் தொட்டியின் பக்கப் பலகை
துடைக்கத் துடைக்கக் கழன்று வந்தது.
உள்ளே பாட்டில்கள்.
அதன் பிறகு எங்கே தேடுவதென்று தெரிந்துவிட்டது எனக்கு.
பனிச்சறுக்குக் காலணிக்குள்.
அக்கார்டியன் பெட்டிக்குள்.
(அக்கார்டியனை எப்போது விற்றான்?)
மொத்தம் அறுபத்தொன்று.

கோபப்படுவதற்காகத்தான் உட்கார்ந்தேன்.
ஒன்றைக் கையில் எடுத்து மோந்து பார்த்தேன்.
வாசமே இல்லை.
கழுவியிருக்கிறான்.
அத்தனையும் கழுவியிருக்கிறான்,
மூடிகளைத் தனியே ஒரு மாவு டப்பாவில் போட்டு.
லேபிளைக்கூட ஊறவைத்துச் சுரண்டியிருக்கிறான்,
அது தேவையில்லை என்கிறது பக்கம் ஒன்பது.
தொட்டிக்குப் பின்னால் பச்சை,
காலணிக்குள் பழுப்பு,
இசை இருந்த பெட்டியில் வெள்ளை.
எல்லாம் ஆயத்தம்.
கீழே கொண்டுபோவது ஒன்றுதான் பாக்கி.

மூன்று மாடி. மரப்படி.
பாட்டிலுக்கு வாய் மட்டும்தான் என்று நினைக்கிறோம்,
இரண்டு சேர்ந்தால் நாக்கும் வந்துவிடும்.
இரண்டாம் மாடியில் சும்ஸ்டைன் அம்மாள்,
படிக்கட்டில் துண்டுச் சீட்டு ஒட்டுகிறவர்:
'அட்டைத் தொட்டியில் தேநீர்ப் பை கிடந்தது. யார்?'

ஞாயிறு முழுக்க
நானும் அறுபத்தொரு பாட்டிலும்
ஒரே அறையில் சத்தமில்லாமல் இருந்தோம்.

திங்கள் விடிந்ததும்
ஒவ்வொன்றையும் அவன் காலுறைக்குள் நுழைத்தேன்.
ஒற்றைகளையும் சேர்த்து முப்பத்தெட்டுதான் தேறியது.
முதல் இரண்டு பை பூனை போல இறங்கின.
மூன்றாவதில் இருபத்து மூன்றும் அம்மணம்.
அந்தக் கதவுக்கு நேரே
பேசிவிட்டன.

சும்ஸ்டைன் அம்மாள் பையைப் பார்த்தார்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"ஏழு ஐம்பத்தாறு" என்றார்.
கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுச் செருப்போடே
என் பின்னால் இறங்கி வந்தார்.

மூடுபனியில் தொட்டி முன்னால் நின்றோம்.
நான்கு நிமிடம் அவ்வளவு சின்னது இல்லை.
"ராத்திரியில் குழாய்ச் சத்தம் கேட்கும்" என்றார்.
"பூனையின் கிண்ணத்தைக் கழுவுகிறான் என்று நினைத்துக்கொள்வேன்."
"அவனிடம் பூனை இல்லையே."
"இல்லைதான்."

எட்டு அடித்தது.
காலுறையை உருவி உருவிப் போட்டேன்.
பச்சை, பச்சை, பழுப்பு, வெள்ளை.
தெருவே கேட்டது. கேட்கட்டும்.

அடியில் ஒன்று, நீலம்.
துளைகள் மூன்றுதான், கையேடு மாடியில்.

"பச்சையில்" என்றார்.
என் கையிலிருந்து அதை வாங்கி
முழங்கைவரை உள்ளே விட்டு,
போடாமல், எட்டிய மட்டும் இறக்கி
மெல்ல விட்டார்.

அப்படியும் உடைந்தது.